வாலருகே நிற்பவர்களையும் கணக்கில் எடுங்கள்: ஹெலிகாப்டர் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

மீட்புப் பணிக்காக வாங்கவிருக்கும் புதிய ஹெலிகாப்டர்களுக்கான தகுதி விவரத்தை நீங்கள் வெளியிட்ட அன்றே முழுவதும் படித்தேன். எஞ்சின் திறன், வேகம், பறக்கும் தூரம், ஏற்றக்கூடிய ஸ்ட்ரெச்சர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. என்னால் ஏற்க முடியாதது ஒரே ஒரு வரி: "ஒற்றை மேல் சுழலியும் வழக்கமான திறந்த வால் சுழலியும் கொண்டதாக இருக்க வேண்டும்." மேல் சுழலி என்பது ஹெலிகாப்டரை மேலே தூக்கும் பெரிய விசிறி; திறந்த வால் சுழலி என்பது வால்நுனியில் மூடாமல் பக்கவாட்டில் சுழலும் சிறிய விசிறி. வேறு எந்த அமைப்பு வந்தாலும் முதல் சுற்றிலேயே விலக்கப்படும் என்பது இதன் பொருள். ஏன் இந்த நிபந்தனை என்று தரைக்குழுவினர் அனைவரும் கையெழுத்திட்டுக் கேட்டோம். "நீண்ட காலமாக நிரூபிக்கப்பட்ட அமைப்பு, தரையில் இதுவரை விபத்து எதுவும் பதிவாகவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்தப் பதிலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் தரைக்குழுவில் வேலை செய்பவன். ஹெலிகாப்டர் இறங்கியதும் வாலுக்கு நேராக, சுழலி எட்டாத தொலைவில், கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பேன். முதுகுக்குப் பின்னால் வால் சுழலி சுழன்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கம் யாரும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நீங்கள் எழுதிய அந்த வரி, இன்னும் பல ஆண்டுகளுக்கு அதே இடத்தில் ஒருவர் அப்படியே நின்றாக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் "விபத்து எதுவும் பதிவாகவில்லை" என்பதைப் பார்ப்போம்.

நெடுஞ்சாலையோரம் ஒரு விபத்து. நள்ளிரவு நேரம். காயமடைந்தவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். அவருடைய மகன், இருபது வயதுகூட இருக்காது, அப்பாவின் மருத்துவக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான். மேல் சுழலியின் கீழ்க்காற்றில் ஒரு காகிதம் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. அது தரையோடு தரையாக உருண்டு வாலின் அடியை நோக்கிப் போனது. பையன் குனிந்தபடியே அதைத் துரத்தி ஓடினான். கத்தினால் கேட்கும் சூழல் இல்லை. நான் பக்கவாட்டில் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்; இருவருமே மண்ணில் விழுந்தோம். எழுந்தவன் என்னைக் கோபமாகப் பார்த்தான். அங்கே ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. கையால் தலைக்கு நேராகச் சுட்டிக் காட்டிய பிறகுதான் முகம் வெளுத்தது.

அவன் கவனக்குறைவானவன் அல்ல. சிறிய ஹெலிகாப்டர்களில் வால் சுழலி நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலும். அந்த வேகத்தில் இறக்கைகள் கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். அவை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் சிவப்புப் பட்டைகளும் பூசுகிறார்கள். பகலில் அந்தப் பட்டைகள் ஒரு மங்கலான வளையமாகத் தெரியும். இரவில், புழுதியில், மழையில் அதுவும் தெரியாது. மேல் சுழலியின் இரைச்சல் காதை அடைத்துவிடுவதால், ஒலியை வைத்து ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று உணரவும் முடியாது. சில ரகங்களில் அந்த இறக்கையின் நுனி ஒரு மனிதனின் தலை உயரத்தில் வருகிறது.

அன்றைய பணி அறிக்கையில் என்ன பதிவானது தெரியுமா? "சம்பவம் ஏதும் இல்லை." ஏனென்றால் அறிக்கைப் படிவத்தில் காயம், உயிரிழப்பு, வாகனச் சேதம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே கட்டங்கள் இருக்கின்றன. மயிரிழையில் தப்பியதை எழுத இடமே இல்லை. என்னோடு வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. படம் எடுக்க முன்னேறியவர்கள், குழந்தையைத் தேடி ஓடி வந்தவர்கள், உதவுகிறேன் என்று பின்பக்கமாகச் சுற்றி வந்த காவலர். எதுவும் உங்கள் மேசைக்கு வரவில்லை. பதிவு இல்லாததைப் பாதுகாப்புக்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருப்பது வால் சுழலியின் நற்குணம் அல்ல, அங்கே நிற்கும் மனிதர்கள்.

எஞ்சினை முழுவதும் நிறுத்திவிட்டு ஆட்களை அருகில் விடலாமே என்று உங்களில் ஒருவர் எங்கள் கூட்டத்தில் கேட்டார். முடிந்த இடங்களில் எல்லாம் அதைத்தான் செய்கிறோம். ஆனால் எஞ்சினை அணைத்தாலும் சுழலிகள் நின்று அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். கூட்டம் அதற்குள் வந்துவிடும். மூச்சுத் திணறும் நோயாளியை வைத்துக்கொண்டு சுழலி நிற்கும்வரை காத்திருக்க மருத்துவர் சம்மதிக்க மாட்டார். விதிப்புத்தகம் விமான நிலையத்துக்குப் பொருந்தும் அளவுக்கு வயல்வெளிக்குப் பொருந்துவதில்லை.

இனி "நீண்ட காலமாக நிரூபிக்கப்பட்ட அமைப்பு" என்ற வாதம். வால் சுழலி நிரூபிக்கப்பட்டதுதான். அதில் எனக்கு இம்மியும் ஐயமில்லை. ஆனால் அது மட்டுமே நிரூபிக்கப்பட்டது என்று எழுதும்போதுதான் தவறு வருகிறது.

மேல் சுழலியை எஞ்சின் ஒரு திசையில் சுழற்றினால், ஹெலிகாப்டரின் உடல் எதிர்த் திசையில் சுழலப் பார்க்கும். இந்த எதிர்முறுக்கைத் தடுக்காவிட்டால் வண்டி பம்பரமாகிவிடும். அமெரிக்காவில் வாழ்ந்த ஹெலிகாப்டர் வடிவமைப்பாளர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பரில் தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து எழுப்பினார்; அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் எங்கும் காணும் ஒற்றைச் சுழலி, ஒற்றை வால் சுழலி அமைப்பு. ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1936-ல், ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் எஃப்டபிள்யூ 61 இரு பக்கமும் இரு சுழலிகளோடு, வால் சுழலி இல்லாமல் பறந்துவிட்டது. இரண்டு சுழலிகளை எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டால் முறுக்குகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்ற எளிய கருத்து அது. ஜெர்மன் பொறியாளர் ஃப்ளெட்னர் அந்த இரு சுழலிகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சுழலும்படி செய்தார். சோவியத் வடிவமைப்பாளர் கமோவ் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். முன்னும் பின்னும் சுழலி வைத்த சினூக் 1961-ல் முதன்முதலாகப் பறந்தது. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. இவ்வளவு நீண்ட வரலாறு உள்ளவற்றைச் சோதனை முயற்சிகளின் பட்டியலில் தள்ளிவிட முடியாது.

அதிலும் மீட்புப் பணி என்று வரும்போது, கமான் நிறுவனத்தின் எச்எச்-43 ஹஸ்கியை எப்படி மறந்தீர்கள்? ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரு சுழலிகள்; வால் சுழலி கிடையாது. அமெரிக்க விமானப்படை அதை விபத்து மீட்புக்கும் தீயணைப்புக்குமே வைத்திருந்தது. எரியும் விமானத்தின் அருகே தீயணைப்புக் கருவிகளையும் வீரர்களையும் இறக்கிவிட்டு, மேலே நின்றபடி தன் கீழ்க்காற்றால் தீயை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஆட்கள் உள்ளே போய் விமானியை வெளியே இழுப்பார்கள். வியட்நாம் போரில் அது மீட்டு வந்தவர்கள் ஏராளம்.

ஆனாலும், வால் சுழலி இல்லாத எதுவும் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லும் விற்பனையாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதும் பாதி உண்மைதான்.

எங்கள் அணிக்குச் சிறிது காலம் நோடார், அதாவது வெளியே வால் சுழலி இல்லாத வகை, ஹெலிகாப்டர் ஒன்று இரவலாக வந்திருந்தது. வாலின் குழாய்க்குள், அதன் தொடக்கத்திலேயே ஒரு விசிறி. அது தள்ளும் காற்றின் ஒரு பகுதி குழாயின் பக்கவாட்டில் உள்ள நீளமான பிளவுகள் வழியே வெளியேறும். குழாயிலிருந்து விழும் தண்ணீர் கரண்டியின் முதுகில் பட்டால் ஒட்டிக்கொண்டு வளைந்து ஓடுமே, அதுபோல் மேல் சுழலியின் கீழ்க்காற்று வாலின் ஒரு பக்கத்தை ஒட்டி வளைந்து ஓடும். அது வாலை ஒரு பக்கமாக இழுக்கும். மீதிக் காற்று வால்நுனியில் உள்ள திரும்பும் வாயிலின் வழியே பீறிட்டு, விமானி பெடலை மிதிக்கும் திசைக்கு ஏற்ப வாலைத் தள்ளும். ஹியூஸ் நிறுவனம் 1981-ல் ஒரு ஓஎச்-6 ஹெலிகாப்டரை மாற்றியமைத்து இதைப் பறக்கவிட்டுக் காட்டியது. எம்டி 520என் 1991-ல் சான்றிதழ் பெற்றது.

அது இறங்கிய முதல் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கம்போல வாலுக்கு நேராகப் போய் நின்றேன். என் பின்னால் சீறிக்கொண்டு சுழலும் எதுவும் இல்லை. கூட்டத்தை மட்டும் பார்க்கலாம், ஒவ்வொரு நொடியும் தோளுக்குப் பின்னால் திரும்ப வேண்டியதில்லை. கூர்மையான அந்த வால் சுழலி ஓசை இல்லாததால் வாக்கிடாக்கியில் மருத்துவர் சொன்னது முதல்முறையிலேயே காதில் விழுந்தது. இரவில் குடியிருப்புகளுக்கு மேலே பறக்கும் காவல்துறை ஹெலிகாப்டர்களுக்கு இந்த வகையை விரும்பி எடுத்தவர்கள் இருப்பதற்கும் அந்த அமைதிதான் ஒரு காரணம். புதர்களுக்கு அருகில் இறங்கும்போதும் விமானிக்கு வால் சுழலி கிளையில் பட்டுச் சிதறுமோ என்ற கவலை இல்லை.

அதே ஹெலிகாப்டர் மற்றொரு நாள் எங்களைக் கைவிட்டது. பலமான பக்கக்காற்று அடித்த மாலை அது. விமானி இறங்கப் பார்த்தார், மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைக்க முடியவில்லை. மறுபடி மேலெழுந்து தள்ளிப் போய்த் திறந்தவெளியில் இறங்கினார். மேடுபள்ளமான தரையில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தோம். "பெடலை மிதித்தால் வால் சற்று யோசித்துவிட்டுத்தான் வருகிறது" என்றார் அந்த விமானி. வால் சுழலியின் உடனடித் துடிப்பு இதில் இல்லை. இன்னொரு நாள் வெயில் கடுமையாக இருந்ததால், எடையைக் குறைக்க எங்களில் ஒருவரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. வால் சுழலி, ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும்போது எஞ்சின் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் வெளியே தெரியும் சுழலியை எடுத்துவிட்டால் அந்தச் சக்தி மிச்சமாகிவிடும் என்று எண்ணக்கூடாது. நோடாரின் விசிறியும் எஞ்சினிலிருந்துதான் எடுக்கிறது; அதே அளவு தள்ளுவிசைக்கு வால் சுழலியைவிட அதிகமாகவே கேட்கிறது.

சக்தியை உண்மையிலேயே மிச்சப்படுத்துபவை இரட்டைச் சுழலி வகைகள்தான். இரண்டு சுழலிகளும் தூக்குவதற்கே உழைக்கின்றன; வாலைப் பிடித்து நிறுத்துவதற்கென்று தனியாக எதுவும் செலவாவதில்லை. கமானின் கே-மேக்ஸ் தன் வெற்று எடையைவிட அதிகமாக, ஏறத்தாழ 2,700 கிலோ வரை, கயிற்றில் கட்டித் தூக்கும். ஆனால் அதில் விமானி ஒருவருக்கு மட்டுமே இருக்கை. நோயாளியை எங்கே வைப்பது? போதாததற்கு அதன் தயாரிப்பை நிறுத்துவதாக 2023-ல் அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. அந்தக் கோத்த சுழலிகள் இரு பக்கமும் சாய்ந்திருப்பதால் பக்கவாட்டில் இறக்கை நுனிகள் தாழ்ந்து வரும். பின்பக்கத்து ஆபத்து விலகிப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. தரைக்குழுவினர் தாங்கள் கற்ற நடைவழியை மாற்றிக் கற்க வேண்டும். சினூக்கின் கீழ்க்காற்றில் எங்கள் கூடாரமே நிற்காது. கமோவின் ஒரே அச்சுச் சுழலிகள் கச்சிதமானவை, பக்கக்காற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தாதவை, குறுகிய கப்பல் தளத்தில் இறங்கப் பிறந்தவை. அவற்றின் குறை வேறிடத்தில்: சுழலித் தலைப்பகுதி உயரமும் சிக்கலும் கூடியது, இரண்டு சுழலிகளின் இறக்கைகளும் மோதிக்கொள்ளாதபடி இடைவெளி காக்க வேண்டும், எஞ்சின் நின்று காற்றின் வேகத்திலேயே சுழலியைச் சுழலவிட்டு இறங்கும் நேரத்தில், பெடலின் பிடி தளர்ந்துபோகிறது.

பாதுகாப்பு என்பதற்கும் இதே கதைதான். 2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்திலிருந்து எழுந்த ஏடபிள்யூ169 ஹெலிகாப்டரில், வால் சுழலிக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு பேரிங் செயலிழந்தது. விமானியின் பெடலுக்கும் சுழலிக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. வண்டி கட்டுக்கடங்காமல் சுழன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அனுபவமுள்ள விமானியாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. வால் வரை நீளும் சுழல்தண்டு, இடையிலும் கடைசியிலும் உள்ள கியர்பாக்ஸ்கள், கட்டுப்பாட்டுக் கம்பிகள், இவற்றில் எது கெட்டாலும் இந்த நிலை வரலாம். எதுவுமே கெடாமல் இருந்தும், மெதுவாகப் பறக்கும்போது சில திசைகளிலிருந்து காற்று வந்தால் வால் சுழலியின் பிடி நழுவி வண்டி தானாகச் சுழலத் தொடங்கும் ஆபத்து உண்டு. இதைப் பற்றி விமானிகளை எச்சரிக்கவே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1995-ல் ஒரு தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. மீட்புப் பணியில் நாங்கள் அதிகமாக இருப்பது அந்த மெதுவான, தாழ்வான பறப்பில்தான்.

மறுபக்கம், 1986 நவம்பர் 6 அன்று ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்த சினூக்கில் 45 பேர் இறந்தார்கள். முன் கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உடைந்ததால் இரு சுழலிகளின் ஒத்திசைவு குலைந்து, இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. அங்கே வால் சுழலி இல்லை. இருந்திருந்தால் நேராத விபத்து அது. இதை மறைத்துவிட்டு உங்களிடம் வாதாடினால் நான் நேர்மையற்றவனாவேன்.

வால் சுழலியின் பக்கம் பேசும் சான்றுகளையும் தருகிறேன். 2005 மே மாதம் பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கினார். அது சாதாரண ஒற்றைச் சுழலி, திறந்த வால் சுழலி கொண்ட ஏஎஸ்350 வகை. மெல்லிய காற்றில், எடை ஒவ்வொரு கிலோவும் கணக்காகும் இடத்தில், வால் சுழலிக்கு நிகரான எளிமை இன்றும் அரிது. பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. பழுது பார்க்கத் தெரிந்த தொழில்நுட்பர்கள் எங்கும் இருக்கிறார்கள். உயர்ந்த மலைப்பகுதிகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்களுக்கு வால் சுழலிதான் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால் நானே கையெழுத்திட்டிருப்பேன். ஆனால் நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதிவிட்டீர்கள். சாலைச் சந்திப்பிலும் பள்ளி மைதானத்திலும் ஊர் நடுவிலும் இறங்கப்போகும் ஹெலிகாப்டர்களும் அந்த ஒரே வரிக்குள் அடைபட்டுவிட்டன.

ஊர் நடுவே இறங்குவது பற்றிப் பேசும்போது லண்டன் விமான ஆம்புலன்ஸை எடுத்துப் பாருங்கள். நெரிசலான தெருக்களிலும் பூங்காக்களிலும் இறங்கும் அந்தச் சேவை 2000-ம் ஆண்டு முதல் நோடார் அமைப்புள்ள எம்டி 902 ஹெலிகாப்டர்களையே நம்பியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல். அவை வயதாகிவிட்டதால் 2024-ல் எச்135 வகைக்கு மாறினார்கள். நோடாரின் பெரிய குறையை இதிலேயே பார்க்கலாம்: அந்த வகையைச் செய்வது ஒரே ஒரு நிறுவனம்தான், அதை மட்டுமே நம்பி ஒரு சேவையை நடத்த வேண்டியிருக்கும். இந்தக் குறையை நான் இலேசாக எண்ணவில்லை. பறக்க முடியாமல் கொட்டகையில் நிற்கும் ஹெலிகாப்டர் எந்த நோயாளியையும் காப்பாற்றாது.

ஆனால் அவர்கள் எதற்கு மாறினார்கள் என்பதைக் கவனியுங்கள். எச்135-ல் இருப்பது ஃபெனஸ்ட்ரான். வால் துடுப்பின் நடுவே வட்டமாகக் குடைந்து, அந்தக் கூட்டுக்குள் பல சிறு இறக்கைகள் கொண்ட சுழலியை வைத்திருக்கிறார்கள். 1968-ல் பிரான்ஸின் கசெல் ஹெலிகாப்டரில் முதன்முதலாகப் பறந்த ஏற்பாடு இது. கண்டிப்பாகச் சொன்னால் இதுவும் வால் சுழலிதான். அந்தக் கூடு இருப்பதால் எடை கூடுகிறது, அந்தரத்தில் நிற்கும்போது கூடுதல் சக்தி கேட்கிறது. ஆனால் ஓடி வருபவனின் தலைக்கும் இறக்கை நுனிக்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது. மரக்கிளைக்கும் இறக்கைக்கும் இடையே அதே சுவர். உலகெங்கும் விமான ஆம்புலன்ஸ்கள் இந்த வகையை விரும்பி எடுக்கின்றன, உதிரிபாகத் தட்டுப்பாடு என்ற வாதமும் இதனிடம் எடுபடாது. உங்கள் வரியில் உள்ள "திறந்த" என்ற ஒரு சொல் இதையும் வெளியே தள்ளுகிறது. நாங்கள் விளக்கம் கேட்டபோது, ஆம், அதுவும் விலக்கப்பட்டதே என்றீர்கள். எனக்கு மிகுந்த வேதனை தந்த பதில் அதுதான். நோடாரை விலக்கப் பொறியியல் காரணங்கள் சொல்லலாம், அவற்றை நானே மேலே சொல்லியிருக்கிறேன். கூட்டுக்குள் இருக்கும் சுழலியை விலக்க என்ன காரணம்?

வருங்காலத்தையும் இந்த வரி மூடிவிடுகிறது. பெல் நிறுவனம் தன் 429 ஹெலிகாப்டரின் வாலில் நான்கு சிறு மின்விசிறிகளைப் பொருத்திப் பறக்கவிட்டதை 2020-ல் வெளியிட்டது. நீண்ட சுழல்தண்டு இல்லை. தரையில் மேல் சுழலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே வால் விசிறிகளை நிறுத்தி வைத்துவிடலாம். இது இன்னும் விற்பனைக்கு வரவில்லை, நாளைக்கே வாங்குங்கள் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் நீங்கள் செய்யப்போகும் ஒப்பந்தம் நெடுங்காலத்துக்கானது. இத்தகைய ஒன்று முதிர்ந்து வரும்போதும் உங்கள் நிபந்தனை கதவை அடைத்தபடி நிற்கும்.

வால் சுழலியைக் கைவிட்டாலும் என் வேலை ஒழிந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். மேல் சுழலி எல்லா ஹெலிகாப்டர்களிலும் தலைக்கு மேல்தான் சுழல்கிறது. சரிவான தரையில் மேட்டுப் பக்கமிருந்து வருபவருக்கு அது கழுத்தளவு தாழ்ந்துவிடும். எஞ்சின் புகைவாயின் வெப்பம் இருக்கிறது, நோடாரின் வால்நுனியில் பீறிடும் காற்று இருக்கிறது. காவலுக்கு ஆள் எப்போதும் வேண்டும். நான் கேட்பது, அந்த ஆள் தடுத்தாக வேண்டிய ஆபத்துகளில் மிகக் கொடியதை, கண்ணுக்கே தெரியாததை, எடுக்க முடிகிற இடத்தில் எடுத்துவிடுங்கள் என்பதைத்தான்.

எனவே குழுவிடம் நாங்கள் கேட்பவை இவை.

"வழக்கமான திறந்த வால் சுழலி" என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளி மூடும் நாளுக்கு முன் நீக்குங்கள். அமைப்பின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், தேவையைச் சொல்லிக் கேளுங்கள்: இவ்வளவு பக்கக்காற்றில் மூக்கை நேராக வைக்க வேண்டும், இந்த வெப்பத்தில் இந்த உயரத்தில் இவ்வளவு எடை தூக்க வேண்டும், உதிரிபாகம் இத்தனை நாளில் வர வேண்டும். அவற்றை நிறைவேற்றும் எந்த அமைப்பும் போட்டியிடட்டும். அந்தச் சோதனையில் நோடார் தோற்றால் தோற்கட்டும், எங்களுக்கு மறுப்பில்லை.

தரைப் பாதுகாப்புக்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். இப்போதைய மதிப்பீட்டு அட்டவணையில் வேகத்துக்கு மதிப்பெண் உண்டு, கேபின் அலங்காரத்துக்குக்கூட உண்டு, வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றுமில்லை. வால் பகுதியில் மனிதர் தொடக்கூடிய உயரத்தில் திறந்த நிலையில் சுழலும் பாகம் உண்டா, தரையில் இருக்கும்போது அதை நிறுத்தி வைக்க முடியுமா, ஸ்ட்ரெச்சர் ஏற்றும் கதவு அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பவை கணக்கில் வரட்டும்.

எல்லா ஹெலிகாப்டர்களையும் ஒரே வகையில் வாங்காதீர்கள். மலைக்குப் போவதையும் ஊருக்குள் இறங்குவதையும் இரு தனிப் பிரிவுகளாகப் பிரித்து, ஊருக்குள் இறங்கும் பிரிவில் குறைந்தபட்சம் கூட்டுக்குள் அடங்கிய சுழலியையாவது கட்டாயமாக்குங்கள். இரு வகைகளை வைத்துப் பராமரிப்பது கடினம் என்று பராமரிப்புப் பிரிவு சொல்லக்கூடும். அந்தக் கடினம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு எழுத்தில் வெளியிடுங்கள். நாங்கள் படித்துப் பதில் சொல்கிறோம்.

பணி அறிக்கைப் படிவத்தில் "மயிரிழையில் தவிர்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் சேருங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். அடுத்த மாதப் படிவத்திலேயே செய்துவிடலாம். அப்படி எழுதுபவர் மீது நடவடிக்கை வராது என்று அதே படிவத்தில் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

கடைசியாக, தேர்வுக் குழுவில் விமானிகள் இருக்கிறார்கள், பொறியாளர்கள் இருக்கிறார்கள், கணக்கர்கள் இருக்கிறார்கள். தரைக்குழுவிலிருந்து ஒருவர்கூட இல்லை. வாக்குரிமையோடு ஒருவரைச் சேருங்கள். யாரை அனுப்புவது என்பதை எங்களிடமே விடுங்கள். ஒப்பந்தப்புள்ளி மூடுவதற்கு முன் ஒரு இரவு, நாங்கள் வேலை செய்யும் இறங்குதளம் ஒன்றுக்கு நீங்களும் வாருங்கள். வாலுக்கு நேராக, நான் நிற்கும் இடத்தில், ஒரு நோயாளி ஏற்றப்பட்டு முடியும்வரை நின்று பாருங்கள். எந்த இரவு என்பதை நீங்களே குறித்து எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தரைக்குழுப் பணியாளர் ஒருவர்